கணவருக்கு எல்டிவிபி மறுக்கப்பட்டது: மேல்முறையீடா, புது விண்ணப்பமா?

செங்காங்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர்க் குடிமகள். கணவர் கும்பகோணம், இந்தியக் கடப்பிதழ். 2023 பிப்ரவரியில் ஊரில் கோயிலில் கல்யாணம், அங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவும் ஆகிவிட்டது. இங்கே வந்து அவருக்கு எல்டிவிபி (நீண்டகால வருகை அனுமதி) விண்ணப்பித்தேன். ஐசிஏவிடமிருந்து (குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையம்) நிராகரித்துக் கடிதம் வந்தது, காரணம் எதுவும் போடவில்லை.

என் சம்பளம் மாதம் 2,700 வெள்ளி. விண்ணப்பித்த நேரத்தில் புது வேலையில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா அம்மாவோடு நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறேன். குழந்தை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பிஎம்எல்ஏ (எல்டிவிபி தகுதியை முன்கூட்டியே மதிப்பிடும் திட்டம்) எடுக்கவில்லை. அவர் 2015 முதல் 2018 வரை இங்கே கட்டுமானத்தில் ஒர்க் பெர்மிட்டில் இருந்தவர், எந்தப் பிரச்சினையும் இல்லாமல் முடித்துக்கொண்டு ஊருக்குப் போனவர்.

இப்போது மேல்முறையீடு செய்வதா, புதிதாக விண்ணப்பிப்பதா? இரண்டாவது தடவை எந்தெந்தத் தாள்களைக் கூடுதலாக வைக்க வேண்டும்? நடுவில் அவர் சோஷியல் விசிட்டில் (குறுகியகால வருகை) வந்து போகலாமா, அது விண்ணப்பத்தைப் பாதிக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேக்கா_பெரியவர்:

தங்கச்சி, மேல்முறையீடா புதுசா என்பதை அப்புறம் பார்க்கலாம். போகிற போக்கில் ஒர்க் பெர்மிட் என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. கல்யாணத்துக்கு முன் மனிதவள அமைச்சிடம் திருமண அனுமதி வாங்கினீர்களா?

செங்காங்வாசி:

இல்லை அண்ணே. ஒர்க் பெர்மிட்டில் இருக்கும்போதே இங்கே கல்யாணம் செய்பவர்களுக்குத்தான் அந்த விதி என்று நினைத்தோம். அவர் முடித்துப் போய்ப் பல வருடம் கழித்து ஊரில் நடந்த கல்யாணம் இது.

தேக்கா_பெரியவர்:

அங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இப்போது ஒர்க் பெர்மிட்டில் இருப்பவருக்கு மட்டுமல்ல, முன்னாள் ஒர்க் பெர்மிட்காரருக்கும் அந்த விதி பொருந்தும். சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவரையோ பிஆரையோ (நிரந்தரவாசி) மணக்க அமைச்சின் அனுமதி வேண்டும். பெர்மிட் காலாவதியாகியிருந்தாலும் ரத்தாகியிருந்தாலும் விதி விதிதான். கல்யாணம் தஞ்சாவூரில் நடந்தாலும் தெம்பனிஸில் நடந்தாலும் ஒன்றுதான். அனுமதி இல்லாமல் செய்துகொண்டால் அவரைச் சிங்கப்பூருக்குள் வரவிடாமல் தடை போட அவர்களால் முடியும். கல்யாணம் செல்லாது என்று அர்த்தமில்லை, அது வேறு சட்டம். ஆனால் இங்கே வந்து வாழ்வதற்கு அது பெரிய முட்டுக்கட்டை.

உங்கள் நிராகரிப்புக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், கடிதத்தில் காரணம் போடுவதில்லை என்பதால் யாராலும் சொல்ல முடியாது. ஆனால் இதைச் சரிசெய்யாமல் இன்னொரு விண்ணப்பம் போடுவதில் அர்த்தமே இல்லை. முதலில் மனிதவள அமைச்சுக்கு எழுதுங்கள். அவருடைய பழைய ஃபின் எண் (வெளிநாட்டவர் அடையாள எண்), எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை எந்தத் துறையில் வேலை, கடைசியாக நாட்டைவிட்டுப் போன தேதி, கல்யாணத் தேதி, பதிவுச் சான்றிதழ் நகல், எல்லாம் சேர்த்து, முன்அனுமதி பெறவில்லை என்பதை நேரடியாகச் சொல்லி, அவருடைய நிலை என்ன, இனி என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். குழைந்து குழைந்து நாலு பக்கம் எழுத வேண்டாம், ஒரு பக்கம் போதும். இருவரும் அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்காமல் குடும்பம் நடத்த முடியுமா, அவர் இங்கே இருந்த காலத்தில் நடத்தை எப்படி, இவற்றைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். அதற்கான தாள்களை அப்போதே இணைத்துவிடுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. பழைய ஒர்க் பெர்மிட்டைப் பற்றி விண்ணப்பத்தில் மூச்சு விடாமல் இருந்தால் தப்பிக்கலாம் என்று சில ஏஜெண்டுகள் சொல்லித் தருகிறார்கள். ஃபின் எண் ஆளோடு ஒட்டிக்கொண்ட எண், கைரேகையும் அவர்களிடம் இருக்கிறது. புதுக் கடப்பிதழ் எடுத்தாலும் அது மறையாது. குடிநுழைவுச் சட்டப்படி பொய்த் தகவலுக்கு 4,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கையெழுத்துப் போடுவது ஏஜெண்ட் அல்ல, நீங்கள்.

இன்னொரு தவறான யோசனையும் காதில் விழும்: இங்கே ஆர்ஓஎம்மில் (திருமணப் பதிவகம்) மறுபடி ஒரு கல்யாணம் பதிந்து, அதற்கு அனுமதி வாங்கிவிடலாமே என்று. ஏற்கெனவே சட்டப்படி மணமானவர்கள் அதே கல்யாணத்தை இங்கே திரும்பப் பதியத் தேவையும் இல்லை, வழியும் இல்லை. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

ஜூரோங்_கணக்கர்:

பெரியவர் சொன்னதை முடித்த பிறகு படிக்க வேண்டியது இது. வருமானம்.

இவ்வளவு சம்பளம் இருந்தால் எல்டிவிபி நிச்சயம் என்று அதிகாரபூர்வமாக ஒரு தொகை வெளியிடப்பட்டதில்லை. இணையத்தில் உலாவும் எண்களெல்லாம் அவரவர் ஊகம். ஐசிஏ வெளிப்படையாகச் சொல்வது: ஆதரவாளரால், அதாவது உங்களால், குடும்பத்தைத் தாங்க முடியுமா, கல்யாணமாகி எவ்வளவு காலம், இந்தக் கல்யாணத்தில் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தை உண்டா, இருவரின் நடத்தை எப்படி. 2,700 வெள்ளி மட்டும் காரணமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. சில மாத வேலைப் பதிவோடு சேர்த்துப் பார்த்தால் பலவீனம்தான்.

ஆகவே காலத்தைக் கணக்குப் போடுங்கள். வருமான வரி மதிப்பீட்டு நோட்டீஸ் எப்போதும் முந்தைய ஆண்டின் வருமானத்தைக் காட்டுவது. ஏப்ரல் 18க்குள் கணக்குத் தாக்கல், ஏப்ரல் கடைசியிலிருந்து நோட்டீஸ் வர ஆரம்பிக்கும். ஜனவரியில் விண்ணப்பித்தால் உங்கள் கையில் இருக்கும் கடைசி நோட்டீஸ் அதற்கு முந்தைய ஆண்டின் நோட்டீஸ். அதில் இருப்பது அதற்கும் முந்தைய ஆண்டின் வருமானம். அந்த ஆண்டில் நீங்கள் பாதி நாள் வேலையில்லாமல் இருந்திருந்தால் அதுதான் அவர்கள் கண்ணில் படும். இப்போதைய வேலையில் முழு ஆண்டு ஓடி, அதற்கான நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு போட்டால் அதே சம்பளம் வேறு மாதிரித் தெரியும். மசேநிதி (மத்திய சேமநிதி) சந்தா வரலாற்றை இணையத்தில் கடைசி 15 மாதத்துக்கு எடுக்கலாம். அதில் இடைவெளி இல்லாமல் ஒரே முதலாளி பெயர் வரட்டும்.

முதலாளி கடிதத்தில் பதவி, சேர்ந்த தேதி, நிரந்தரப் பணியா ஒப்பந்தமா, மாதச் சம்பளம் எல்லாம் இருக்க வேண்டும். நன்னடத்தைச் சான்று மாதிரி "இவர் கடின உழைப்பாளி" என்று ஒரு பத்தி எழுதி வாங்கி வருகிறார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை.

வங்கிக் கணக்கில் கடைசி வாரம் அண்ணன் அக்காவிடம் வாங்கி 20,000 வெள்ளியைப் போட்டு ஸ்டேட்மென்ட் எடுப்பது பழைய தந்திரம். போன மாதம் வரை 800 வெள்ளி இருந்த கணக்கு அது என்பது அதே தாளிலேயே தெரியும். பெற்றோர் வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்றால் அதை ஒளிக்க வேண்டாம், அது உங்களுக்குச் சாதகம்தான். வீட்டுரிமையாளரான அப்பாவிடமிருந்து மகளும் மருமகனும் இங்கேயே தங்கலாம் என்று ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். வாடகைச் செலவு இல்லை என்பது அதில் தெளிவாகும்.

இதே திரியைப் படிக்கும் தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். வரிக் கணக்கில் மொத்த வசூலில் 60 விழுக்காட்டைச் செலவாகக் கழித்துக்கொள்ளும் வசதி உங்களுக்கு இருக்கிறது. 60,000 வெள்ளி ஓட்டியிருந்தாலும் நோட்டீஸில் 24,000 வெள்ளிதான் வருமானமாக நிற்கும். வரிக்கு நல்லது, எல்டிவிபிக்கு அல்ல. தளம் தரும் மாதாந்தர வசூல் அறிக்கையும் வங்கி வரவும் சேர்த்து வைத்து, வித்தியாசம் ஏன் என்று இரண்டு வரியில் விளக்குங்கள்.

உட்லண்ட்ஸ்_ராஜா:

நேரா எம்பி கிட்ட போங்க அக்கா. மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் ஒரு லெட்டர் வாங்கி அனுப்பினா வேலை முடிஞ்சிடும்.

தேக்கா_பெரியவர்:

ராஜா தம்பி, அவ்வளவு சுலபமில்லை. எம்பி கடிதம் ஐசிஏவின் மேசைக்குப் போகும், பதிலும் வரும். ஆனால் அதே விவரத்தை எம்பி கையெழுத்தோடு அனுப்பினால் அதே பதில்தான் வரும். புது விவரம் கையில் இருக்கும்போது போனால் பயன் உண்டு.

போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே உங்களுக்கு எதிரில் உட்கார்ந்து மடிக்கணினியில் கடிதத்தைத் தட்டுபவர் ஒரு தொண்டூழியர். குடிநுழைவு விதி அவருக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நீங்கள் சொன்னதைத்தான் அவர் எழுதுவார். அழுதுகொண்டே அரை மணி நேரம் பேசினால் கடிதத்தில் "குடும்பம் பிரிந்து வாடுகிறது" என்ற ஒரு வரிதான் மிஞ்சும். ஒரு பக்கத்தில் விண்ணப்ப எண், நிராகரிப்புக் கடிதத்தின் தேதி, அதற்குப் பிறகு என்னென்ன மாறியிருக்கிறது, இதை மட்டும் அச்சடித்து, அடையாள அட்டையோடு எடுத்துப் போங்கள். உங்கள் தொகுதி எம்பியிடம்தான் போக வேண்டும், வேறு தொகுதியில் நல்ல எம்பி இருக்கிறார் என்று அங்கே ஓட வேண்டாம்.

ஈசூன்_மொழிபெயர்ப்பாளர்:

தாள்களைப் பற்றி யாரும் பேசவில்லை. தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், தொல்லை பெயரில்தான் வரும்.

ஒரு உதாரணம். திருமணச் சான்றிதழில் "க. முருகேசன்". கடப்பிதழில் சொந்தப் பெயர் முருகேசன், குடும்பப் பெயர் கணபதி. பழைய ஒர்க் பெர்மிட்டில் கணபதி முருகேசன். ஆதாரில் தலையெழுத்து கடைசியில். போதாததற்கு ஆங்கிலத்தில் கணபதியின் 'தி'க்கு ஒரு தாளில் எச் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. நமக்கு எல்லாம் ஒரே ஆள். திரையில் பார்க்கும் அதிகாரிக்கு அது மூன்று ஆள். மனைவி பக்கமும் சும்மா இல்லை: இங்கே அடையாள அட்டையில் டி/ஓ (இன்னாரின் மகள்) போட்டு அப்பா பெயர், ஊர்ச் சான்றிதழில் வெறும் தலையெழுத்து.

எது மூலம் என்றால் கடப்பிதழ்தான். மற்ற எல்லாத் தாளும் அதோடு ஒத்துப்போக வேண்டும். திருமணச் சான்றிதழில் பிழை என்றால் பதிவு செய்த சார்பதிவாளர் அலுவலகத்திலேயே திருத்தம் கேளுங்கள், அதுதான் உறுதியான வழி. திருத்த முடியாத பழைய தாள்களுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று அவர் ஊரில் நோட்டரி முன் ஒரு அபிடவிட், உங்கள் பெயருக்கு இங்கே கமிஷனர் ஃபார் ஓத்ஸ் (உறுதிமொழி ஆணையர்) முன் ஒரு ஸ்டாட்யுடரி டெக்ளரேஷன் (சட்டப்படியான உறுதிமொழி). ஒவ்வொரு பெயரும் எந்தத் தாளில் எந்த எண்ணோடு வருகிறது என்று அதில் வரிசையாக இருக்கட்டும். "மேற்படி பெயர்கள் அனைத்தும் ஒருவரே" என்று பொத்தாம் பொதுவாக எழுதினால் உபயோகமில்லை.

சான்றிதழ் தமிழில் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். சொந்தமாக மொழிபெயர்த்துச் சும்மா இணைத்தால் எடுபடாது, நோட்டரி பப்ளிக்கோ தூதரகமோ சான்றளித்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போதே கடப்பிதழ் நகலையும் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தனக்குத் தோன்றிய எழுத்தில் பெயரை எழுதி நாலாவது ஆளை உருவாக்கிவிடுவார்.

அப்போஸ்டில் (ஒரு நாட்டின் ஆவணம் மெய்யானது என்று இன்னொரு நாடு ஏற்க வைக்கும் சான்று) பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 16 முதல் நடைமுறை. எனவே சான்றிதழின் நம்பகத்தன்மையைக் காட்ட வேண்டியிருந்தால் மாநில அளவில் சரிபார்த்து, இந்திய வெளியுறவு அமைச்சின் அப்போஸ்டில் வாங்கினால் போதும். தூதரகம் தூதரகமாக முத்திரைக்கு அலைய வேண்டாம்.

கோயில் ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு வருபவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அதையும் விட்டுவிட்டால் இந்துக்களுக்கு இந்து திருமணச் சட்டத்தின் கீழ்ப் பதிய வழி உண்டு. நிக்காஹ் என்றால் ஜமாஅத் தரும் ஏடு மட்டும் போதாது, அரசுப் பதிவும் இருக்கட்டும்.

இருவரில் யாருக்காவது முந்தைய கல்யாணம் இருந்திருந்தால் விவாகரத்து இறுதித் தீர்ப்புச் சான்றிதழ் வேண்டும். இங்கே இடைக்காலத் தீர்ப்பு வந்து இறுதித் தீர்ப்பு வர குறைந்தது மூன்று மாதம். அந்த இடைவெளியில் ஊருக்குப் போய் மறுமணம் செய்துகொண்டால் தேதிகள் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட கல்யாணத்தை எந்த மேல்முறையீடும் காப்பாற்றாது.

செங்காங்வாசி:

எல்லாருக்கும் நன்றி. மனிதவள அமைச்சுக்கு முதலில் எழுதுகிறேன். அது சரியானால், பிறகு மேல்முறையீடா புதுசா? நடுவில் அவர் வருவது பற்றியும் சொல்லுங்கள். எல்டிவிபி கிடைத்தால் உடனே வேலைக்குப் போக முடியுமா என்று அவர் கேட்கிறார்.

தேக்கா_பெரியவர்:

மேல்முறையீடு என்பது அதே கோப்பைத் திரும்பப் பார்க்கச் சொல்வது. விண்ணப்பித்த அன்றே இருந்து, நீங்கள் இணைக்க மறந்த தாள், தப்பாகப் பதிந்த விவரம், இவற்றுக்கு அது சரி. உங்கள் விஷயத்தில் நிலைமையே மாறப்போகிறது: திருமண அனுமதி விவகாரம், புது மதிப்பீட்டு நோட்டீஸ், கல்யாணமாகி மூன்று வருடம் பூர்த்தி. எனக்குப் புது விண்ணப்பம்தான் சரி என்று படுகிறது. விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது என்பதால் மாதத்துக்கு ஒன்று போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். முந்தைய நிராகரிப்பு அவர்கள் பதிவிலேயே இருக்கிறது, அதனால் விளக்கக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லி, அதற்குப் பின் மாறியவை இவை என்று தேதியோடு எழுதுங்கள்.

மூன்று வருடக் கணக்கு ஏன் என்றால், எல்டிவிபி பிளஸ், கூடுதல் காலத்துக்குத் தரும் பாஸ். 2012இல் வந்தது. சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள குழந்தை இருக்கும் தம்பதியும், குழந்தை இல்லாவிட்டாலும் கல்யாணமாகி மூன்று வருடம் ஆனவர்களும் அதற்குப் பரிசீலிக்கப்படுவார்கள். முதல் தடவை மூன்று வருடம், புதுப்பிக்கும்போது ஐந்து வருடம் வரை. தனியாக விண்ணப்பம் கிடையாது, எல்டிவிபிக்குப் போட்டால் அவர்களே தகுதி பார்ப்பார்கள். பிஆர்களின் துணைக்கு இது இல்லை.

காத்திருப்பு நீளும். பிஎம்எல்ஏ 2015இல் வந்தபோது சொல்லப்பட்ட கணக்கு, அதை எடுத்தவர்களுக்கு ஆறு வாரம், எடுக்காதவர்களுக்கு ஆறு மாதம் வரை. உங்களுக்கு இப்போது பிஎம்எல்ஏ பொருந்தாது, அது கல்யாணத்துக்கு முன் செய்வது.

வந்து போவது: அமைச்சிடமிருந்து பதில் வரும் வரை பயணச்சீட்டு எடுக்காதீர்கள். தடை எதுவும் இல்லை என்று தெளிவானால், படிவம் 14ஏவை (விசா விண்ணப்பப் படிவம்) நிரப்பி, உங்கள் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழியாக நீங்களே விசாவுக்குப் போடலாம். கட்டணம் 30 வெள்ளி, அதுவும் திரும்பாது. விசா கிடைப்பது வேறு, சாங்கியில் எத்தனை நாள் தருகிறார்கள் என்பது வேறு. யாரைப் பார்க்க வருகிறார் என்று கேட்டால் மனைவியை என்றுதான் சொல்ல வேண்டும், "சுற்றுலா" என்று சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நாள் போதாவிட்டால் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு இணையத்தில் போட வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பது தங்கிவிடுவதற்கான அனுமதி ஆகாது. 90 நாள் வரை கூடுதலாகத் தங்கினாலே 4,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு, 90 நாளைத் தாண்டினால் ஆண்களுக்குப் பிரம்படியும் சேரும். விசிட்டில் இருக்கும்போது மாமா கடையில் கல்லாவில் உட்காருவதுகூட வேலைதான்.

ஜூரோங்_கணக்கர்:

வேலை பற்றி: எல்டிவிபி மட்டும் வேலை செய்ய அனுமதி ஆகாது. லெட்டர் ஆஃப் கன்சென்ட் (வேலை செய்வதற்கான இசைவுக் கடிதம்) வேண்டும். சிங்கப்பூரர், பிஆர் ஆகியோரின் துணைக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. 2021 மே 1 முதல் லெட்டர் ஆஃப் கன்சென்ட் போய் ஒர்க் பாஸ் கேட்கிறார்கள் என்று படித்திருப்பீர்கள். அது டிபென்டன்ட் பாஸ்காரர்களுக்கான (வேலை பாஸில் இருக்கும் வெளிநாட்டவரின் குடும்பத்தார்) மாற்றம், உங்கள் கணவருக்கு அல்ல. எல்டிவிபிக்கு ஒப்புதல் கடிதம் வந்தவுடன் அதில் வேலை பற்றி என்ன போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள்.

மருத்துவப் பரிசோதனையை முன்கூட்டியே செய்து காசை வீணாக்காதீர்கள். எச்ஐவி சோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும்தான், அதை அவர்கள் தரும் படிவத்தில் இங்கே பதிவு பெற்ற மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். ஊரில் எடுத்த அறிக்கையைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள முடியாது.